தேயிலைத் தோட்டத்தில் முட்டைக்கோஸ்

மாணவர் ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மேசை கொடுத்திருப்பார்கள், கணினி கொடுத்திருப்பார்கள், விதிமுறைகள் அடங்கிய தடித்த கோப்பு ஒன்றும் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு முதலில் வேண்டியது நீளமான மூக்கு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று என் வீட்டுக்காரரே என்னைத் திட்டுவார். கேமரன் மலையில், ரிங்லெட் டவுனில் கடை மாடியில் இருக்கும் நம் படிப்பு மையத்தில், ஓய்வு பெறும்வரை அந்த மூக்கை வைத்துத்தான் பிழைத்தேன்.

அதிலும் பட்டாளத்தை விட்டு வருகிறவர்கள் என்றால் என் மூக்கு இன்னும் கொஞ்சம் நீளும். நாற்பது வயதில் பென்ஷனோடு வெளியே வந்துவிடுகிறார்கள். பாதி ஆயுள் பாக்கி. பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு கேட்டில் காவல் காக்கும் ஜாகாவாக உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் மட்டும் மாடிப்படி ஏறி நம்மிடம் வருவார்கள். எஸ்.டி.பி.எம். என்ற பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பட்டாள அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு சேர்க்கும் வழி இருப்பதால் வருகிறார்கள். வகுப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே வந்து, சுவரில் முதுகு படும்படி கடைசி வரிசையில் உட்காருவார்கள். விரிவுரையாளர், "சோலான் இருக்கா?" என்று கேட்டால், பாடம் தலையும் வாலும் புரியாவிட்டாலும், "தியாடா!" என்று ஒரே குரலில் சொல்வார்கள். சோலான் என்றால் மலாயில் கேள்வி. அவர்களிடம் கேள்வியே கிடையாது. பட்டாளத்தில் அப்படிப் பழகியிருக்கிறார்கள். ஒன்றும் புரியாதவன் இப்படிக் கம்பீரமாகப் புரியாமல் இருப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

செல்வம் அப்படி வந்தவர்தான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பட்டாளத்தில் பொறியியல் படைப்பிரிவில் சார்ஜனாக இருந்து, மீண்டும் தோட்டத்துக்கே வந்தவர். தோட்டத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு தேநீர்க் கடையும் கார் நிறுத்துமிடமும் கட்டியிருந்தார்கள். அந்தக் கார் நிறுத்துமிடத்தின் கேட்டில் காவல் வேலை. வேலைக்கு வைத்தது வெளிக் கம்பெனி, தோட்டமல்ல. அதனால் அவருக்கு வீடு கிடையாது. குடியிருந்தது மனைவி கலாவின் பெயரில் தோட்டம் கொடுத்திருந்த லைன் வீட்டில். கலா கொழுந்து எடுக்கும்வரை வீடு, நிறுத்தினால் காலி செய்ய வேண்டும். கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடித்துப் பிடித்துக் கலாவின் வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது.

தோட்டத்து மேனேஜர் செல்வத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தொழில் பாதுகாப்பில் டிப்ளோமா முடித்தால் தோட்டத்திலேயே பாதுகாப்பு அதிகாரி வேலை, அதோடு ஸ்டாஃப் வீடு. கலா கத்திரியைக் கீழே போடலாம். செல்வம் படிக்க வந்ததே அதற்காகத்தான். வந்த முதல் நாளே என்னிடம் சொன்னார். "எனக்கு இந்த சர்ட்டிபிகேட் சட்டம் போட்டு மாட்ட வேணாம் டீச்சர். அவ கை நோவாம இருந்தா போதும்."

நான் டீச்சர் அல்ல. ஆனாலும் மலையில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவரோடு சேர்ந்து படித்தவர் ரசாக். பட்டாளத்தில் செல்வத்துக்குக் கீழே கார்ப்பரலாக இருந்தவர். மலையின் இன்னொரு ஊரான திரிங்காப்பில் காய்கறி அடைத்து லோரியில் ஏற்றும் கொட்டகை ஒன்றில் மேற்பார்வையாளர். இருவருக்கும் சேர்த்து ஒரே மடிக்கணினி. செல்வத்தை இன்னமும் 'சார்ஜன்' என்றுதான் அழைப்பார்.

ஒருநாள் பாடப்பிரிவின் தலைவர் தலைமையகத்திலிருந்து வீடியோவில் என்னைக் கூப்பிட்டார். முனைவர் பட்டம் பெற்றவர், நல்ல மனிதர்தான், ஆனால் சிரித்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்குச் சிரித்தார்.

"மேடம், கேமரன் மலையில தேயிலைத் தோட்டத்துல முட்டைக்கோஸ் வெளையுமா?"

"வெளையாது டாக்டர். அது தனி, இது தனி."

"அப்ப இதை எனக்கு விளக்குங்க."

'நீங்கள் வேலை செய்யும் இடத்தைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள ஆபத்துகளை எழுதுங்கள்' என்பதுதான் அந்தப் பருவத்தின் பெரிய ஒப்படைப்பு. இது இல்லாமல் டிப்ளோமா இல்லை. செல்வத்தின் பெயரில் வந்திருந்த அறிக்கையில் கொட்டகை, குளிர் அறை, பின்னோக்கி வரும் லோரி, வழுக்கும் தரையில் சிதறிக் கிடக்கும் முட்டைக்கோஸ் இலை எல்லாம் இருந்தன. ரசாக்கின் அறிக்கையிலும் அதே கொட்டகை, அதே லோரி, அதே இலை. ஒரு எழுத்து மாறவில்லை. இடத்தின் பெயரைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினா ரெண்டு பேரையும் நீக்கணும். விதி அப்படி. திங்கக்கிழமைக்குள்ள உங்க கருத்தை அனுப்புங்க," என்றார் டாக்டர்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கோப்பைத் திறப்பீர்கள். நியாயம்தான். ஆனால் என் மண்டையில் ஒரு வண்டு குடையத் தொடங்கிவிட்டது. செல்வம் சட்டைப் பொத்தான் தவறாகப் போடாத ஆள். மற்ற ஒப்படைப்புகளில் கமா எங்கே வரும் என்று என்னிடம் வந்து கேட்டுப் போனவர். அப்படிப்பட்டவர் ஏமாற்ற நினைத்தால் இவ்வளவு மோசமாகவா ஏமாற்றுவார்? திருடப் போனவன் விசில் அடித்துக்கொண்டா போவான்?

இருவரையும் வரச் சொன்னேன். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. விஷயத்தைச் சொல்லி முடித்ததுமே ரசாக் முந்திக்கொண்டார். அவர் மலாயில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன். "என் தப்பு. நான்தான் கொடுத்தேன். சார்ஜன் கேட்கவே இல்லை. என்னை மட்டும் நீக்குங்கள்."

செல்வம் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான். பிறகு நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவன் பொய் சொல்றான் டீச்சர். நான்தான் எடுத்தேன். என்ன தண்டனைனாலும் எனக்குக் குடுங்க."

"என்னங்கடா இது, தண்டனைக்கு ஏலம் போடுறீங்க?" என்று கத்திவிட்டேன். கீழே கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார்.

ஆனால் அந்த ஒரு நொடிப் பார்வையை நான் கவனித்துவிட்டேன். அது குற்றவாளியின் பார்வை அல்ல. இப்போதுதான் விஷயமே தெரிந்துகொண்டவரின் பார்வை. ரசாக்கை வெளியே அனுப்பிவிட்டு செல்வத்திடம் கேட்டேன்.

"சரி, நீங்கதான் எடுத்தீங்க. குளிர் அறைக் கதவைப் பத்தி அருமையா எழுதியிருக்கீங்க. எங்க பார்த்தீங்க?"

"எந்தக் குளிர் அறை டீச்சர்?"

"உங்க அறிக்கையில இருக்கிற குளிர் அறை."

அவர் தொண்டையைச் செருமினார். "கடைக்குப் பின்னால... ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனிதர் தன் பெயரில் போன அறிக்கையை ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை.

ரசாக்கைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்த முறை உட்கார்ந்தார். செல்வம் ஒப்படைப்பை எழுதவே இல்லையாம். கடைசி நாள் மாலைவரை மடிக்கணினியைத் திறக்கவில்லையாம். 'விடு, இந்த ஒண்ணு வேணாம்' என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாராம். ரசாக்குக்கு செல்வத்தின் கடவுச்சொல் தெரியும். தன்னுடைய அறிக்கையையே செல்வத்தின் பெயரிலும் ஏற்றிவிட்டார்.

"காட்டில் நடக்கும்போது ஒருவனுக்கு முடியவில்லை என்றால் அவன் பையை அடுத்தவன் தூக்குவான். ஏன் முடியவில்லை என்று கேட்க மாட்டான். அதைத்தான் செய்தேன்," என்றார் ரசாக். இது தவறு என்பதே அவருக்கு அதுவரை உறைக்கவில்லை. செல்வமோ தன் பெயரில் என்ன போயிருக்கிறது என்றே தெரியாமல், நண்பன் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்த அந்த நொடியே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பட்டாளத்தில் இதற்குப் பதக்கம் கொடுப்பார்கள் போலிருக்கிறது. நம்மிடம் வெளியே போகும் கதவைக் காட்டுவோம். இதைத்தான் நீங்கள் மறக்கக்கூடாது. நமக்குக் களவாகத் தெரிவது அவர்களுக்குக் கடமையாக இருந்திருக்கிறது. அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் எது என்று பாருங்கள்.

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிரிக்காமல் பேசினார். ரசாக் அந்தப் பாடத்தை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுத வேண்டும். செல்வம் எதுவுமே ஒப்படைக்காதவர் கணக்கில் வருவதால் ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். "உங்க பொறுப்புல தர்றேன் மேடம்."

கணக்கு முடிந்தது என்று நினைத்தீர்களா? வண்டு இன்னும் குடைந்துகொண்டுதான் இருந்தது. செல்வம் ஏன் எழுதவில்லை? கலாவின் கை, வீடு, வேலை எல்லாம் அந்த ஒரு அறிக்கையில் தொங்கும்போது, எழுதத் தெரிந்த மனிதர் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்? கேட்டேன். "நேரம் இல்ல லா டீச்சர்," என்றார். கேட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க டூரிஸ்ட் கார்களை எண்ணுகிற ஆளுக்கு நேரம் இல்லையாம்!

சனிக்கிழமை என் பழைய காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கார் நிறுத்துமிடம் மலையை வெட்டிச் சமன் செய்த பெரிய மேடை. ஓரமாக நின்று கீழே எட்டிப் பார்த்தேன். வெட்டிய மண் முழுவதையும் சரிவில் அப்படியே தள்ளிவிட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே லைன் வீடுகளின் பின்வரிசை. கடைசியில் செல்வத்தின் வீடு.

கலா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கையில் துணி சுற்றியிருந்தது. டீ போடுகிறேன் என்றவரை நான் தடுத்தும் கேட்கவில்லை. குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தார். வாசற்படி வரை செம்மண் சேறு.

"மழ பேஞ்சா இதான் டீச்சர். முன்னல்லாம் தண்ணி அந்தக் கால்வாயில போயிரும். இப்ப மண்ணு விழுந்து கால்வாயே காணோம். ஒவ்வொரு மழைக்கும் மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்குது."

"கலா, சும்மா இரு," என்றார் செல்வம் உள்ளே இருந்து.

"சும்மா இருந்து இருந்துதான் மண்ணு குசினி வரைக்கும் வந்திருக்கு. நீங்க எழுத மாட்டீங்க. நான் சொல்றேன், டீச்சர் எழுதிக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேலை செய்யும் இடத்தில் உள்ள ஆபத்தை எழுது என்று நாம் கேட்டிருக்கிறோம். அவர் வேலை செய்யும் இடமே ஆபத்து. அதைக் கட்டியவர் மேனேஜர். அவருக்கு வேலை தருகிறேன் என்று சொன்னவரும் அதே மேனேஜர்.

செல்வம் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "எழுதுனா தொரைக்கு எதிரா வெளியாளுக்கிட்ட சொன்ன மாதிரி ஆயிரும் டீச்சர். சோறு போடப் போறவரு. எழுதாம மத்ததை எழுதுனா அது பொய். ரெண்டும் எனக்கு வரல. அதான் விட்டுட்டேன்."

இங்கே நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒருநாள் இப்படி ஒரு படியில் யாரோடாவது உட்காரத்தான் போகிறீர்கள். எனக்கு ஒரு சுலபமான வழி தெரிந்தது. கேட் தடுப்புக் கட்டையைப் பற்றி எழுதலாம், பேருந்து பின்னோக்கி வருவதைப் பற்றி எழுதலாம். பாஸ் ஆகிவிடுவார், வேலையும் கிடைக்கும், கலாவின் கையும் பிழைக்கும். வாய்வரை வந்துவிட்டது. இன்னொரு பக்கம், 'மண்ணைப் பற்றி எழுதுங்கள், உயிர் முக்கியம்' என்று வீரமாகச் சொல்லிவிட்டு நான் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விடலாம். வேலை போனால் போவது என் வேலையா? இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாத இடத்தில் நான் எப்போதும் செய்வதைத்தான் அன்றும் செய்தேன். கேள்வி கேட்டேன்.

"பட்டாளத்துல ஆபீசர் தப்பான எடத்துல கூடாரம் போடச் சொன்னா என்ன செய்வீங்க?"

செல்வம் யோசிக்கவே இல்லை. "ஒரு தடவ சொல்லுவேன். தனியா கூப்பிட்டு, மத்தவங்க காதுல விழாம. ஒரு தடவ சொல்ல சார்ஜனுக்கு உரிமை உண்டு டீச்சர். அப்புறம் அவர் முடிவு."

"சொல்லாம விட்டா?"

"அது என் தப்பு."

"இங்க அந்த ஒரு தடவைய சொல்லிட்டீங்களா?"

கலா டீ கொண்டுவந்து வைத்தார். செல்வம் குடித்து முடித்து எழுந்து உள்ளே போய், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

என்னையும் வரச் சொன்னார். மேனேஜரின் அறைக்குள் அல்ல, ஆபீஸ் வராந்தா வரைக்கும்தான். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, நாற்காலி போட்டார். ஜன்னல் திறந்திருந்தது. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் என் காதும் என் மூக்கைப் போலத்தான்.

"சார், ஒரு விஷயம். ஒரு தடவதான் சொல்லுவேன்," என்று தொடங்கினார் செல்வம். மண், கால்வாய், பின்வரிசை வீடுகள். சுருக்கமாக, வரிசையாகச் சொன்னார். "மண்ண அள்ளணும். கால்வாயத் திரும்ப வெட்டணும். அதுவரைக்கும் பெரிய மழைன்னா அந்த வீட்டு ஆளுங்கள ஹாலுக்கு மாத்தணும்."

"யாரு சொல்லச் சொன்னா? யூனியனா?"

"யாரும் இல்ல சார்."

"இதையே காலேஜுக்கும் எழுதப் போறியா?"

"ஆமா சார். ஒங்ககிட்ட சொல்லாம எழுதக்கூடாதுன்னுதான் வந்தேன்."

மேனேஜர் சொன்னார், "எழுது. நல்லா எழுது. ஆனா அந்த சேஃப்டி வேலைக்கு, இங்க உள்ள நெலமைய புரிஞ்சு நடக்குற ஆளா பார்த்துக்கிறேன்."

"நன்றி சார்," என்றார் செல்வம்.

அவர் வெளியே வந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய் அந்த மனிதரை நாலு கேள்வி கேட்கலாமா என்றுகூட எழுந்தேன். செல்வம் தலையாட்டினார். "வேணாம் டீச்சர். ஒரு தடவ போதும்."

செல்வம் அறிக்கையை எழுதி ஏற்றினார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இது நல்லா இருக்கு," என்றார், சிரிக்காமல். டிப்ளோமா கிடைத்தது.

தோட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? பெருமழைக் காலத்துக்கு முன்பே மண்வாரி இயந்திரம் வந்தது. மண்ணை அள்ளி லோரியில் ஏற்றினார்கள், கால்வாயை வெட்டினார்கள். யாரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. பாதுகாப்பு அதிகாரி வேலையும் நிரப்பப்பட்டது. மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வந்த வேறொரு இளைஞருக்கு. பல மாதம் கழித்து டவுனில் மேனேஜரைப் பார்த்தபோது எனக்கு நாக்கு அரித்தது, கேட்டேவிட்டேன். "மண்ண ஏன் எடுத்தீங்க சார்?" அவர் என்னைப் பார்க்காமல், "வருஷா வருஷம் செய்யுறதுதானே," என்றார். மண்ணை அள்ள வைத்தது மனசாட்சியா, அறிக்கை வெளியே போய்விட்டதே என்ற பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான்.

செல்வத்துக்குத் திரிங்காப்பில் ரசாக்கின் முதலாளியிடமே பாதுகாப்பு மேற்பார்வை வேலை கிடைத்தது. சம்பளம் பரவாயில்லை. ஆனால் வீடு கிடையாது. வாடகை வீடு எடுக்கவும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே லைன் வீடு நிற்பது இன்னும் கலாவின் கத்திரியில்தான். செல்வம் எதற்காகப் படிக்க வந்தாரோ அது மட்டும் நடக்கவில்லை. என்னிடம் ஒருநாளும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, கலா தனியாக மாடிப்படி ஏறி வந்தார். கையில் கட்டு. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் அவர் இந்நேரம் கத்திரியைப் போட்டிருப்பாரே.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அவருக்குப் பட்டாளத்துல இருந்தது அனுபவம்னு எடுத்துக்கிட்டீங்க இல்ல டீச்சர்?"

"ஆமா."

"நான் ஸ்கூல் முடிச்சதுல இருந்து இந்த மலையில கொழுந்து எடுக்குறேன். எந்தப் பக்கம் எப்ப வெட்டணும், எத்தன பேரு வேணும், எங்க மண்ணு வழுக்கும் எல்லாம் தெரியும். பங்களாதேஷ் பையனுங்களுக்கு வேல சொல்லிக் குடுக்குறது நான்தான். இத அனுபவம்னு எடுத்துப்பாங்களா?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ சிப்பாய்களுக்கு அந்த வழியைக் காட்டியிருக்கிறேன். லைனிலிருந்து ஒரு பெண்ணும் வந்து கேட்டதில்லை. நானும் போய்ச் சொன்னதில்லை.

"எடுத்துப்பாங்கம்மா," என்றேன். "என்ன படிக்கணும்? அவரு படிச்சதையா?"

"இல்ல டீச்சர். அவரு போயி சொல்லிட்டு வந்தாரு. சொல்ற எடத்துல இருந்து என்ன பிரயோசனம்?" கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். "மேனேஜர் ஆவுறதுக்கு எது படிக்கணுமோ அதச் சொல்லுங்க."

நான் கடைசியாகச் சேர்த்த மாணவி அவர்தான். தோட்ட நிர்வாகம், முதலாம் ஆண்டு. இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் கொழுந்தை எடை போட்டுவிட்டு ரிங்லெட்டுக்கு பஸ் பிடிக்க வேண்டும், அதனால் எப்படியும் தாமதமாகத்தான் வருவார். நேரமாகிவிட்டது என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.